நீங்கியோரும் நின்றோரும்: ஆட்குறைப்புப் பற்றிய ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்து மக்கள் ஒருவரைச் சுட்டும்போது அவருடைய இயற்பெயரைக் கூறுதல் அரிது. கிளாக்கர் என்றும், ஓவசியர் என்றும், ஸ்ரேசன் மாஸ்ரர் என்றும் தொழிலையே பெயராக்கி வழங்குவர். தொழிலினின்றும் ஓய்வு பெற்றுப் பல்லாண்டு கழிந்த பின்னரும் அப்பெயர் நீங்குவதில்லை; அவர் மறைந்த பின்னர் அவர் வாழ்ந்த மனையும் ‘கிளாக்கர் வளவு’ என்றே அறியப்படும். தொழில் என்பது ஊதியம் வரும் வாயில் மட்டுமன்று, ஊரிலே ஒருவருக்குரிய இடத்தைக் காட்டும் அடையாளமுமாகும் என்பதற்கு இவ்வழக்கே சான்று. அங்ஙனமாயின், தாம் செய்த குற்றம் யாதுமின்றி ஒருவர் தம் தொழிலை இழக்கும்போது அவர் இழப்பது ஊதியம் ஒன்றுதானோ? அவரோடு அருகிருந்து பணியாற்றித் தொழில் இழவாது எஞ்சியவர் யாதோர் ஊறுமின்றித் தப்பிவிட்டாரோ? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவகத்தார்க்கு இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளில் ஆறுகள் இல்லை. மழையை நம்பிய வயலும், பனையும், கடலுமே இயற்கை தந்த செல்வம். நன்னீர்க் கிணறும் எல்லா இடத்தும் வாய்ப்பதில்லை. ஆதலாற் படித்த இளைஞர் கந்தோர்களையும், படிப்பை இடையில் விட்டோர் தென்னிலங்கைக் கடைகளையும் நாடிச் சென்றனர். ஊரிலே எழுந்த கல்வீடும், தங்கையின் சீதனமும், தம்பியின் கல்லூரிக் கட்டணமும் தொலைவிலிருந்து வந்த காசுக்கட்டளையை நம்பியிருந்தன. எனவே கொழும்பிலோ கோலாலம்பூரிலோ ஒரு நாற்காலி வெறுமையானால், அதன் அதிர்வு ஊர்காவற்றுறையில் ஓர் அடுப்பங்கரையில் உணரப்பட்டது.

ஆட்குறைப்பு எனும் சொல்லை முதலில் வரையறுத்துக் கொள்ளுதல் நன்று. குற்றம் புரிந்தவரை விசாரணை செய்து விலக்குதல் ஒன்று. வயது வந்தவர் ஓய்வு பெறுதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஆட்குறைப்பு அல்ல. நிறுவனத்தின் வருவாய் சுருங்கியமையாலோ, புதிய பொறி வந்தமையாலோ, உடைமை கைமாறியமையாலோ, பணியாளரின் நடத்தைக்கும் திறமைக்கும் தொடர்பின்றி, ‘தேவைக்கு மேற்பட்டோர்’ எனச் சிலரையோ பலரையோ வெளியேற்றுதலே ஆட்குறைப்பு எனப்படும். ஒழுக்கக் குற்றத்தால் விலக்கப்பட்டவருக்குத் தம் நிலைக்குக் காரணம் தெரியும். ஓய்வு பெற்றவருக்கு நாள் முன்னரே தெரியும். ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கோ பெரும்பாலும் இரண்டும் தெரிவதில்லை. ‘ஏன் நான்?’ எனும் வினா அவரைத் தொடர்கின்றது. ‘ஏன் நான் அல்லேன்?’ எனும் வினா எஞ்சியவரைத் தொடர்கின்றது.

நம்மவர் கண்ட முன்னிகழ்ச்சிகள்

இத்துன்பம் நமக்குப் புதியதன்று. 1929 ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பரும் வெள்ளீயமும் விலை வீழ்ந்தபோது, ஐக்கிய மலாய் நாடுகளின் அரசு செலவைக் குறைக்க முற்பட்டது. 1930களின் தொடக்கத்தில் அரச திணைக்களங்களிலும் புகையிரதப் பகுதியிலும் பணியாற்றியோர் குறைக்கப்பட்டனர். அத்திணைக்களங்களில் இலிகிதர்களாயும் நிலைய அதிபர்களாயும் யாழ்ப்பாணத்தார் பெருந்தொகையினராய் இருந்தமையால், மலாயாவிலே வீசிய காற்று இங்கே வடலியை அசைத்தது.

1980 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலங்கையில் நிகழ்ந்தது வேறு வகையினது. வாழ்க்கைச் செலவு உயர்வுக்கு ஈடாக மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கோரி அரச ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அவசரகாலச் சட்டத்தைப் பயன்படுத்தி, பணிக்கு வராதோர் தம் பதவியைத் தாமே துறந்தவராவர் எனக் கொண்டது. ஏறத்தாழ 40,000 பேர் தொழில் இழந்தனர். இது தண்டனையேயன்றி, முற்கூறிய வரையறைப்படி ஆட்குறைப்பு அன்று. ஆயினும் ஒரே கந்தோரிலே ஒரு நாளிற் சிலர் வெளியேயும் சிலர் உள்ளேயும் ஆயினர் என்னும் அளவில் அதன் விளைவு ஒன்றே. வெளியே நின்றவர் பலர் ஆண்டுக்கணக்கில் மீள்நியமனத்துக்கு மனு எழுதினர். உள்ளே இருந்தவர் வெளியே நின்றவரைத் தெருவிற் காணும்போது எந்த முகத்தோடு காண்பது என அறியாது தடுமாறினர்.

அண்மையில், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கையின் கைத்தொழில், சேவைத் துறைகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் தொழில்கள் அழிந்தன என உலக வங்கி மதிப்பிட்டது. அவற்றுட் பெரும்பாலானவற்றிற்கு வேலைநிறுத்தமும் இல்லை, ஊர்வலமும் இல்லை. ஒரு கடிதமோ ஒரு தொலைபேசி அழைப்போ போதுமானதாயிற்று.

நீங்கியோர் நிலை

தொழில் இழந்தோரின் நிலையை அறிவியல் முறையில் ஆராய்ந்த முதல் நூல்களுள் ஒன்று 1933 இல் வெளிவந்தது. ஒஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அண்மையில், மரியென்தால் என்பது ஒரு சிற்றூர். ஊரார் அனைவரும் ஒரு நெசவாலையையே நம்பி வாழ்ந்தனர். பொருளாதார மந்தத்தில் ஆலை மூடப்பட, நான்கில் மூன்று பங்குக் குடும்பங்களில் உழைப்போர் ஒருவரும் இல்லாத நிலை ஏற்பட்டது. மரீ யகோடா முதலிய ஆராய்ச்சியாளர் அவ்வூரிலே தங்கி, மக்கள் உண்பதையும் நடப்பதையும் நாட்பொழுதைக் கழிப்பதையும் குறித்தனர்.

அவர்கள் கண்டது எதிர்பாராதது. வேலை இல்லாதவர்க்கு ஓய்வு மிகுதி. ஆதலால் அவர் மிகுதியாகப் படிப்பர், மிகுதியாகக் கூடுவர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் ஊர் நூலகத்தில் நூல் இரவல் பெறுதற்குரிய கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், 1929 இலிருந்து 1931 வரையில் இரவல் பெற்ற நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆடவர் தெருவிலே மெல்ல நடந்தனர், அடிக்கடி நின்றனர். பலர் கைக்கடிகாரம் அணிவதையே விட்டனர். பெண்டிரோ வீட்டுவேலை குறையாமையால் விரைந்தே நடந்தனர். நேரம் மிகுந்தமை அவர்க்கு ஓய்வாகவில்லை, நேரமே பொருளற்றதாயிற்று.

இவ்வனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு யகோடா பிற்காலத்தில் ஒரு விளக்கம் தந்தார். தொழில் ஊதியத்தோடு வேறு ஐந்து நலன்களையும் அறியாமலே தருகின்றது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே ஓர் உறவு, பலர் கூடி முயலும் ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், உடலும் உள்ளமும் இயங்குதற்கு ஒரு கட்டாயம். ஊதியத்தை இழந்தவருக்கு நட்டஈடு கொடுக்கலாம். இவ்வைந்துக்கும் காசோலை எழுதுவார் யார்?

ஊதிய இழப்பும் சிறிதன்று, அது தற்காலிகமானதுமன்று. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நெடுங்காலம் ஓரிடத்திற் பணியாற்றி ஆட்குறைப்புக்கு ஆளானோரின் வருவாயை ஆராய்ந்தபோது, ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவர்களின் வருவாய் நீங்காதிருந்தால் பெற்றிருக்கக்கூடியதினும் ஏறத்தாழ 25 வீதம் குறைவாகவே இருந்தது என 1993 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. புதுத் தொழில் கிடைத்தது. ஆனால் பழைய தொழிலிற் கற்ற கைப்பழக்கத்துக்குப் புது இடத்தில் விலையில்லை. அதே மாநிலத்து ஆடவரைப் பற்றி 2009 இல் வெளியான மற்றோர் ஆய்வு இதனினும் கொடியதைக் கூறியது. நீங்கிய ஆண்டை அடுத்து அவர்களிடையே மரண வீதம் 50 முதல் 100 வீதம் வரை உயர்ந்தது. நாற்பது வயதில் நீங்கியவரின் ஆயுள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை குறையக்கூடும் எனவும் அது மதிப்பிட்டது.

நம் நாட்டில் இதனோடு நாணமும் சேர்கின்றது. வள்ளுவர் நல்குரவு எனும் அதிகாரத்தை அடுத்து இரவையும் அதனை அடுத்து இரவச்சத்தையும் வைத்த முறை ஆழ்ந்த பொருளுடையது. வறுமையினும் கொடியது பிறரிடம் கேட்க நேர்தல். அதனினும் கொடியது கேட்க நேருமோ எனும் அச்சம். கொழும்பிலே வேலை இழந்தவர் ஊருக்குத் திரும்பாமல், சேமலாப நிதியிற் பெற்றதைச் சிறிது சிறிதாகக் காசுக்கட்டளையாக்கி, வேலை இருப்பதுபோலவே மாதந்தோறும் அனுப்பிய கதைகள் நம்மூரில் உண்டு. உண்மை வெளிப்பட்ட நாளில் வீட்டார் வருந்தியது பணத்துக்காக அன்று. அத்தனை மாதமும் அவர் தனியே சுமந்தாரே என்பதற்காகவேயாம்.

நின்றோர் நிலை

இனி, எஞ்சி நின்றோரை நோக்குவோம். இவர்களை உலகம் நற்பேறுடையோர் என்னும். அவர்களும் முதல் வாரம் அவ்வாறே எண்ணுவர். பின்னரே அவர்க்கு நேர்வன தெரியவரும்.

பின்லாந்து நாட்டில் 1990களின் தொடக்கத்தில் ஏற்பட்ட கடும் மந்தத்தின்போது நகரசபைகள் ஆட்குறைப்புச் செய்தன. ரைசியோ எனும் நகரில் நீங்காது எஞ்சிய ஊழியரை ஆராய்ந்தோர், பெரிய அளவில் ஆட்குறைப்பு நிகழ்ந்த பிரிவுகளில் நோயால் விடுப்பு எடுத்தல் சிறிய அளவில் நிகழ்ந்த பிரிவுகளினும் 2.3 மடங்காயிற்று என 1997 இல் வெளியிட்டனர். நான்கு நகரங்களின் ஊழியரை நெடுங்காலம் தொடர்ந்து நோக்கி 2004 இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய ஆட்குறைப்புக்குப் பின் எஞ்சி நின்ற ஊழியரிடையே இருதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த மரணம் இரு மடங்கானது எனக் கண்டனர். நீங்கியவர் அல்லர், நின்றவர் இறந்தனர் என்பதை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இதன் காரணங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது, அச்சம்: ஒரு முறை வந்த பட்டியல் மறுமுறையும் வரும். இரண்டாவது, சுமை: ஆள் குறைந்ததேயன்றி வேலை குறைவதில்லை. மூன்றாவது, நம்பிக்கை முறிவு: உழைத்தாற் காக்கப்படுவோம் எனும் எண்ணம் பொய்யாகின்றது. ஆதலால் திறமையுடையோர் தாமே வேறிடம் தேடுவர். நூற்றுக்கு ஒருவரை மட்டும் நீக்கிய நிறுவனங்களிற்கூடத் தாமாக விலகிச் செல்வோர் தொகை ஏறத்தாழ 31 வீதம் உயர்ந்தது என 2008 இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. நான்காவது, குற்றவுணர்வு. இது எண்ணிக்கையில் அடங்குவதன்று. ஆதலால் எனது அனுபவம் ஒன்றைக் கூற வாசகர் பொறுத்தருள்க.

ஆசிரியப் பணிக்கு வருமுன் யான் கொழும்பிலே ஏற்றுமதி சார்ந்த ஒரு தனியார் நிறுவனத்திற் கணக்கெழுதுவோனாய் இருந்தேன். மாலைப் பொழுதுகளில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தேன். அவ்வேலையை எனக்குப் பெற்றுத் தந்தவர் எமது தீவைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர். அண்ணை என்றே அவரை அழைப்பேன். அடுத்த மேசை அவருடையது. உலகச் சந்தை சுருங்கிய 2009 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு காலை வேளையிற் சிலருக்குக் கடிதங்கள் வந்தன. அவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. என் சம்பளம் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாக இன்றும் யான் அறியேன். அவர் மேசையறையிலிருந்த பொருள்களைப் பையில் இட்டு முடிக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அம்மணித்தியாலம் முழுவதும் யான் பேரேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் அவருடைய பேரேடும் என் மேசைக்கு வந்தது. எந்த வாடிக்கையாளர் எப்போது பணம் தருவார், யாரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பன அப்பேரேட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை, அவர் தலையில் இருந்தன, அவரோடு போயின. அவரைக் கேட்டிருக்கலாம். கேட்க என்னால் முடியவில்லை.

இரண்டாண்டு கழிந்து குறிகாட்டுவான் துறையில் வள்ளத்துக்குக் காத்திருந்த வேளையில் அவரைக் கண்டேன். ஒளிய இடமில்லை. நலம் விசாரித்த பின் அவர் சொன்னார்: “தம்பி, கடிதம் என்னைச் சுடயில்லை. அந்த ஒரு மணித்தியாலமும் நீங்கள் ஒருத்தரும் நிமிர்ந்து பாக்காததுதான் சுட்டது.” யான் வெட்கத்தினாலேயே பாராதிருந்தேன் என்றேன். அவர் அதனை அன்றுதான் அறிந்தார். வெட்கத்தால் குனிந்த தலையை அவர் இரண்டாண்டு காலம் வெறுப்பெனக் கருதியிருந்தார். நீங்கியோர்க்கும் நின்றோர்க்கும் இடையே ஆட்குறைப்பு எழுப்பும் மதில் இத்தகையது.

நின்றோர் எனும் நிலையும் உறுதியானதன்று. தமிழ்நாட்டில் சிறீபெரும்புதூரிலே 2006 இல் உற்பத்தியைத் தொடங்கிய நொக்கியா நிறுவனத்தின் ஆலை உலகின் பெரிய கைத்தொலைபேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. சுற்றுப்புறக் கிராமங்களின் இளம்பெண்கள் பலர் அங்கே முதன்முதலாக மாதச் சம்பளம் பெற்றனர். 2014 ஏப்பிரலில் அந்நிறுவனத்தின் கைத்தொலைபேசிப் பிரிவை மைக்ரோசொப்ட் வாங்கியபோது, வரித் தகராறு காரணமாக இவ்வாலை விற்பனையிற் சேரவில்லை. தன்விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்று ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் நீங்கினர். ஆலை பிழைக்கும் என நம்பிச் சிலர் நின்றனர். அவ்வாண்டு நவம்பர் 1 ஆம் நாளோடு உற்பத்தியே நிறுத்தப்பட்டது. இன்று நின்றவர் நாளை நீங்கியவராதற்கு ஆறு மாதம் போதுமாயிற்று.

செய்யத் தகுவன

‘கப்பல் அமிழ்ந்தால் அனைவரும் அமிழ்வர், ஆதலாற் சிலரை இறக்குதல் தவிர்க்க முடியாதது’ என முகாமையாளர் கூறுவர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வருவாயற்ற நிறுவனம் யாருக்கும் சம்பளம் தர இயலாது. ஆனால் கப்பலை உவமையாக எடுத்தால், கப்பலுக்குரிய பழைய நீதியையும் உடன் எடுத்தல் வேண்டும். கடலோடிகளின் ரோட்ஸ் தீவில் வழங்கி, உரோமர் ஏற்றுக்கொண்டு, கி.பி. 533 இல் வெளியான யஸ்ரீனியன் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்ற விதி ஒன்றுண்டு. புயலில் மரக்கலத்தைக் காப்பாற்றும் பொருட்டு ஒரு வணிகனின் சரக்கைக் கடலில் எறிந்தால், அவ்விழப்பு அவனை மட்டும் சார்ந்ததன்று. சரக்குத் தப்பிய ஏனை வணிகரும் கலத்துக்கு உடையவனும் தத்தம் அளவுக்கேற்ப அதனைப் பகிர்ந்து ஏற்றல் வேண்டும். இவ்விதி கடல்வாணிபச் சட்டத்தில் இன்றும் நிலைபெற்றுள்ளது. அனைவருக்காகவும் இழக்கப்பட்டதை அனைவரும் ஈடு செய்க என்பதே அதன் சாரம். சரக்குக்கு உள்ள நீதி மனிதருக்கு ஏன் ஆகாது?

இந்நீதியைச் சட்டம் ஓரளவு ஏற்றுள்ளது. இலங்கையின் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொண்ட தனியார் நிறுவனம் ஒருவரை ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமாயின், அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியையோ பெறுதல் வேண்டும். நட்டஈட்டு முறை 2005 இல் வகுக்கப்பட்டது: முதல் ஐந்தாண்டுச் சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டரை மாதச் சம்பளம் என அது தொடங்குகின்றது. அதன் உச்ச எல்லை 2021 இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இச்சட்டத்தை அறியாது, நீட்டிய தாளிற் கையொப்பமிட்டுச் சம்மதம் தந்துவிட்டு வெளியேறியோர் பலர். தொழிலுக்குச் செல்லும் மாணவன் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

சட்டத்துக்கு அப்பாலும் வழியுண்டு. 2009 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் உற்பத்தி ஏறத்தாழ 5 வீதம் வீழ்ந்தது. ஆயினும் வேலையின்மை பெரிதும் உயரவில்லை. பலரை நீக்குவதற்குப் பதிலாக அனைவரின் வேலை நேரத்தையும் குறைத்து, இழந்த ஊதியத்தின் ஒரு பகுதியை அரசின் காப்புறுதி நிதியிலிருந்து வழங்கும் முறையை அந்நாடு பயன்படுத்தியது. அவ்வாண்டு மே மாதத்தில் 14 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அம்முறையின் கீழ் இருந்தனர். ரோட்ஸ் தீவின் நீதி தொழிற்சாலைக்குள் நுழைந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நீக்குதல் தவிர்க்க இயலாதெனின், அதனைச் செய்யும் முறையிலேனும் அறம் இருத்தல் கூடும். காலத்தோடு அறிவித்தல், தெரிவு செய்த விதியை வெளிப்படையாகக் கூறல், மேலோரும் தம் பங்கை இழத்தல், நேரிற் கண்டு பேசுதல் ஆகிய நான்கும் பெருஞ் செலவுடையன அல்ல. நீங்குவோர் நியாயமாக நடத்தப்பட்டனர் என்பதைக் கண்ட இடத்தில் நின்றோரின் நம்பிக்கை பெரிதும் குலைவதில்லை. நீங்குவோர்க்குச் செய்யும் மரியாதையை நின்றோர் தமக்கு நாளை கிடைக்கவிருப்பதென்றே அளந்து பார்க்கின்றனர். இக்கல்லூரியிற் பயின்று இன்று நிறுவனங்களை நடத்தும் பழைய மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

நின்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. அது நிமிர்ந்து பார்த்தல். பையைத் தூக்கிக்கொண்டு வாயில் வரை செல்லுதல். அடுத்த வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. வேறிடத்தில் வேலை இருப்பதாகக் கேள்வியுற்றால் ஒரு சொல். யகோடா கூறிய ஐந்து நலன்களுள் உறவு எனும் ஒன்றையாவது முதலாளியின் அனுமதியின்றியே நாம் காப்பாற்றிக் கொடுக்கலாம்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு பங்குண்டு. 2022 ஆம் ஆண்டின் பின்னர் ஒரு நாள் என் வகுப்பு மாணவர் விபரப் படிவம் நிரப்பினர். கொழும்பிலிருந்து பெற்றோருடன் ஊர் திரும்பிய சிறுவன் ஒருவன் ‘தந்தையின் தொழில்’ எனும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். யாதும் கேளாது படிவத்தை வாங்கி வைத்தேன். பிற்பகலில் அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை கிணற்றடியிற் பழுதடைந்த நீரிறைக்கும் பொறியைப் பிரித்து வைத்திருந்தார். இருபதாண்டு பொறி திருத்துநராய் இருந்தவராம். அயலார் இருவர் தம் பொறிகளையும் கொணர்ந்து வைத்துக் காத்திருந்தனர். மறுநாள் அப்படிவத்தைச் சிறுவனிடம் திருப்பிக் கொடுத்து, அவ்விடத்தில் எழுதவேண்டியதை எழுதச் சொன்னேன். ‘பொறி திருத்துநர்’ என எழுதினான். நிறுவனம் தந்த நாற்காலியை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். கையிலுள்ள தொழிலையும், அதனால் வந்த பெயரையும் ஊரார் வைத்துக் காத்தல் கூடும்.